எண் பிசகினால் கல் மாறும்: ரத்தினக்கல் நூலை ஒலிநூலாக்கும் தன்னார்வலர்களுக்கு

கல்லுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். குவார்ட்ஸுக்கு அது 1·544. வாசிப்பவர் நாக்கு பிசகி 1·644 என்று சொல்லிவிட்டால், கேட்பவர் காதில் அது டூர்மலீன் என்ற வேறொரு கல் ஆகிவிடும். வாக்கியம் சரளமாக ஓடும், குரலும் தெளிவாக இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. நாவல் வாசிப்புக்கும் அறிவியல் நூல் வாசிப்புக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். நாவலில் ஒரு சொல் விழுந்தால் கேட்பவரே கண்டுபிடித்துவிடுவார். ரத்தினக்கல் நூலில் ஓர் இலக்கம் விழுந்தால் யாருக்கும் தெரியாது.

இந்த வழிகாட்டி லிப்ரிவாக்ஸ் முறையை அடிப்படையாகக் கொண்டது. 2005-இல் தொடங்கிய தன்னார்வத் திட்டம் அது. பதிப்புரிமை தீர்ந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசிக்கிறார்கள். ஒலிக்கோப்புகள் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்பவரும் தன் பதிவின் மீது எந்த உரிமையும் வைத்துக்கொள்வதில்லை. குரல் தேர்வு கிடையாது. எந்த உச்சரிப்புச் சாயலும் ஏற்கப்படும், ஆகவே ஆங்கில நூலைத் தமிழ்ச் சாயலோடு வாசிக்கத் தயங்கவே வேண்டாம். வேறு அமைப்புக்காகப் பதிவு செய்தாலும் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

நூலைத் தேர்ந்தெடுக்கும்போது

முதலில் பதிப்புரிமை. லிப்ரிவாக்ஸ் பார்ப்பது அமெரிக்கச் சட்டத்தை. நூல் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் என்பது கணக்கு. அதன்படி 1930 முடிய வெளியானவை 2026 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் உரியவை. நீங்கள் வசிக்கும் நாட்டின் சட்டத்தையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள், இலங்கையிலும் சிங்கப்பூரிலும் 70 ஆண்டுகள்.

ரத்தினக்கல் துறையில் இது வெறும் சம்பிரதாயமல்ல. ஹெர்பர்ட் ஸ்மித் 1912-இல் லண்டனில் வெளியிட்ட ஆங்கில நூலை எடுத்துக்கொள்வோம். கற்களின் இயல்புகளை அறிவியல் முறையில் விளக்கும் நூல் அது. அவர் இறந்தது 1953. ஆகவே இந்தியாவில் 2014 முதலும், இலங்கையில் 2024 முதலும் தடையில்லை. ஆனால் அதே நூலுக்குப் பிற்காலத் திருத்தப் பதிப்புகள் உண்டு. அவற்றை எடுத்து வாசித்தால் வேலை அத்தனையும் வீண். மாக்ஸ் பவர் 1896-இல் ஜெர்மனில் எழுதிய பெருநூல் இன்னொரு சிக்கல். அவர் 1917-இல் இறந்துவிட்டார். ஆனால் அதை 1904-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஸ்பென்சர் 1959 வரை வாழ்ந்தார். மொழிபெயர்ப்பாளருக்கும் உரிமை உண்டு என்பதால், இந்தியாவில் அந்த ஆங்கில வடிவம் 2020-இல்தான் விடுபட்டது. இலங்கையில் 2030 வரை காத்திருக்க வேண்டும். ஆகவே தலைப்புப் பக்கத்தின் படம் ஒன்றைச் சேமித்து வையுங்கள். ஆண்டு, பதிப்பு எண், மொழிபெயர்ப்பாளர் மூன்றும் அதில் தெரிய வேண்டும்.

அடுத்து, நூலைப் புரட்டிப் பார்த்து அட்டவணைகளையும் படங்களையும் எண்ணுங்கள். கல்லின் கதையும் நம்பிக்கையும் பேசும் நூல் சுலபம். புதியவர்கள் அதில் தொடங்கலாம். படிக வடிவியலும் ஒளியியலும் பேசும் நூலில் முதல் நூறு பக்கம் படம் இல்லாமல் விளங்குமா என்று ஓர் அத்தியாயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வேறொருவர் வாசிக்கக் கேட்டுப் பாருங்கள். விளங்காவிட்டால் அந்த நூலை விட்டுவிடுவதே நல்லது.

பகுதி பிரிப்பதும் விதிகளை எழுதிவைப்பதும்

நிதானமாக வாசித்தால் ஆங்கிலத்தில் மணிக்குச் சுமார் 9000 சொற்கள் போகும். ஒரு பகுதிக்கு 4000 முதல் 5000 சொற்கள், அதாவது அரைமணி நேரம், கைக்கு அடக்கம். அட்டவணை நிறைந்த அத்தியாயத்துக்குச் சொல் கணக்கு உதவாது. எண்கள் சொற்களைவிட நேரம் தின்னும். அதைப் பாதியாக வெட்டி, அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுங்கள். நூலின் கடைசியில் வரும் தொகுப்பு அட்டவணைகளை ஒரே ஆள் வாசிப்பது நல்லது.

பலர் சேர்ந்து வாசிக்கும் நூலில் ஒருங்கிணைப்பாளரின் உண்மையான வேலை பதிவு தொடங்கும் முன்பே இருக்கிறது. ஒரு பக்க அளவில் வாசிப்பு விதிகளை எழுதி எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். அடிக்குறிப்பை வாசிப்பதா விடுவதா, வாசித்தால் எங்கே, படத்தலைப்பை என்ன செய்வது, வேதி வாய்பாட்டை எப்படிச் சொல்வது, ஒரே கல்லின் பெயரை எப்படி உச்சரிப்பது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இது இல்லாமல் தொடங்கினால் மூன்றாம் அத்தியாயத்தில் பெரிடாட், நான்காம் அத்தியாயத்தில் பெரிடோ என்று வரும். ஆங்கிலத்தில் இரண்டுமே சரிதான். ஆனால் ஒரே நூலில் இரண்டும் வந்தால், புதிதாகக் கேட்பவர் அவற்றை இரண்டு கற்கள் என்று நினைப்பார்.

புதிதாக வருபவரிடம் முதலில் ஒரு நிமிட மாதிரிப் பதிவு கேட்பது வழக்கம். இது குரலைச் சோதிக்க அல்ல, கருவியையும் அறையையும் சோதிக்க. அதைத் தாண்டாமல் அரைமணி நேரப் பகுதியைப் பதிவு செய்துவிட்டு, பின்னணியில் இரைச்சல் என்று தெரிந்து முழுதும் திரும்ப வாசிப்பது பெரிய வேதனை.

வாசிக்கும் பிரதியைச் சுத்தம் செய்தல்

ஸ்கேன் செய்த நூலிலிருந்து தானாக எடுத்த எழுத்துப் பிரதியை நம்பி வாசிக்காதீர்கள். அந்தக் கால பிரிட்டிஷ் அச்சில் தசமப்புள்ளி வரியின் அடியில் இராது, நடுவில் உயர்ந்து நிற்கும். மென்பொருள் அதைத் தூசி என்று தள்ளிவிடும். 1·544 என்பது 1544 ஆகும். கடினத்தன்மை 7½ என்பது 7 என்றோ 74 என்றோ மாறும். 3, 8 இரண்டும் ஒன்றுக்கொன்று மாறும். கிரேக்க எழுத்துகள் இன்னும் மோசம்: ஒளியை இரண்டாகப் பிரிக்கும் கற்களின் இரு ஒளிவிலகல் எண்களைக் குறிக்கும் ஒமேகா ஆங்கில டபிள்யூவாகவும், எப்சிலான் ஆங்கில ஈயாகவும் வந்து நிற்கும்.

ஆகவே எண் உள்ள ஒவ்வொரு பக்கத்தையும் பக்கப் படத்தோடு வைத்து ஒப்பிடுங்கள். பிரதியை அச்சிட்டோ, கைக்கணினியில் வைத்தோ எண்களுக்கு மட்டும் மஞ்சள் பூசுங்கள். எண்ணுக்கு முன் சற்றே நிற்க வேண்டும் என்பதை அந்த நிறம் நினைவூட்டும். வாசிக்கும்போது பக்கம் திருப்பும் சத்தம் விழாதபடி தாள்களைக் கட்டாமல் தனித்தனியாக வையுங்கள்.

நூலில் உள்ளதை உள்ளபடியே வாசிக்க வேண்டும். அச்சுப் பிழை என்று வெளிப்படையாகத் தெரிவதை மட்டும் திருத்தலாம். அந்தக் கால அறிவியல் பழையதாகிவிட்டதைத் திருத்தக் கூடாது. ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய நகைக் கடைகளில் பச்சைக் கொரண்டத்தை (மாணிக்கமும் நீலமும் இதே கனிமம்தான்) ‘கீழை மரகதம்’ என்றும், பைரோப் கார்னெட்டை ‘கேப் மாணிக்கம்’ என்றும், சிவப்பு ஸ்பினலை ‘பாலஸ் மாணிக்கம்’ என்றும் விற்றார்கள். நூல் அப்படிச் சொன்னால் நாமும் அப்படியே சொல்ல வேண்டும். காரட் எடையும் அப்படித்தான். 200 மில்லிகிராம் கொண்ட மெட்ரிக் காரட் அமெரிக்காவில் 1913-இலும் பிரிட்டனில் 1914-இலும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆங்கிலக் காரட் சுமார் 205 மில்லிகிராம். 1905-இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த கல்லினன் வைரத்தின் எடை பழைய கணக்கில் 3025¾ காரட், இன்றைய கணக்கில் 3106. இணையத்தில் 3106 என்று பார்த்துவிட்டு, நூலில் தப்பாக இருக்கிறது என்று மாற்றி வாசிப்பவர்கள் உண்டு. மாற்றாதீர்கள், அந்த நூலின் மற்ற எடைகள் எல்லாம் பழைய கணக்கில்தான் இருக்கும்.

உச்சரிப்பு

அகராதியின் ஒலிப்பதிவைக் கேட்டு, தமிழ் எழுத்தில் ஓரத்தில் எழுதிக்கொள்வது மிக எளிய முறை. இத்துறையில் அடிக்கடி தடுக்கும் சில: நைஸ் என்பது பாறை வகை, ஆங்கில எழுத்தில் முதலில் வரும் ஜி ஒலிக்காது. ஷிஸ்ட் என்பதை ஸ்கிஸ்ட் என்று வாசிக்க வேண்டாம். பட்டை தீட்டிய கல்லின் அடிமுனை க்யூலெட். கிரைசோபெரில், சைமோஃபேன், ஸ்பாட்யுமீன், கபஷான், டைக்ரோயிஸம் ஆகியவற்றை ஐந்தாறு முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அச்சு என்ற பொருளில் வரும் ஆக்சிஸின் பன்மை ‘ஆக்ஸீஸ்’. கோடரிகள் என்ற பொருளில் வரும் ‘ஆக்சஸ்’ அல்ல. எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் பழகியவர்களே தவறுவது உண்டு.

ஆள் பெயர்கள் தனி. கடினத்தன்மை அளவுகோலைத் தந்த மோஸ் என்பவரை மோஹ்ஸ் என்று அழுத்த வேண்டாம். பிரெஞ்சுப் படிகவியலாளர் ஆவீயின் பெயரில் முதல் எழுத்து ஒலிக்காது. செயற்கை மாணிக்கத்தை 1902-இல் அறிவித்தவர் வெர்நோய். பழைய எழுத்துக்கூட்டலில் வரும் பிரேசில் மாநிலத்தை மீனஸ் ஜெராய்ஸ் என்றே சொல்லலாம். ரத்தினபுரி, கோல்கொண்டா, பர்மாவின் மோகோக் வரும் இடங்களில் நமக்கு நன்றாக வாயில் வருவதே சரி. ஆங்கிலேயர் சொல்வதைப் போல வளைத்துச் சொல்லத் தேவையில்லை.

உச்சரிப்புச் சாயல் பிரச்சினையே அல்ல என்றேன். பொருளை மாற்றும் ஜோடிகள் மட்டும் பிரச்சினை. தர்ட்டீன், தர்ட்டி, ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. இவற்றில் ‘டீன்’ ஒலியை நீட்டுங்கள். ஃபேஸ் என்பது இயற்கையான படிக முகம், ஃபாசெட் என்பது மனிதன் தீட்டிய பட்டை. வேகத்தில் ஒன்று மற்றொன்றாகக் கேட்கும். ரிஃப்ராக்ஷன், ரிஃப்ளெக்ஷன், டிஃப்ராக்ஷன் மூன்றும் ஒரே பத்தியில் வரும். நிறமாலைக் கோடுகளை பி, சி, டி, ஈ என்று எழுத்துகளால் குறிப்பார்கள். மைக்கில் அத்தனையும் ஒன்றுபோல விழும். எழுத்துக்கு முன்னும் பின்னும் அரை விநாடி விட்டுச் சொல்லுங்கள்.

எண், வாய்பாடு, அட்டவணை

தசமப்புள்ளிக்குப் பின் வருவதை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும்: ஒன் பாயிண்ட் ஃபைவ் ஃபோர் ஃபோர். ‘ஃபைவ் ஹண்ட்ரட் ஃபார்ட்டி ஃபோர்’ என்று சொல்லக் கூடாது. பூஜ்யத்துக்கு ஜீரோ என்றோ ஓ என்றோ நூல் முழுவதும் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். ஜீரோ நல்லது, ஓ ஆக்சிஜனோடு குழம்பும். இரு எண்களுக்கு நடுவில் சிறு கோடு இருந்தால் அது ‘டூ’, அதாவது இதிலிருந்து அது வரை. மைனஸ் என்று வாசித்துவிடாதீர்கள். கோணங்களில் ஒற்றைக் கீற்று மினிட்ஸ், இரட்டைக் கீற்று செகண்ட்ஸ். அடியும் அங்குலமும் அல்ல. படிக முகங்களைக் குறிக்கும் 111 போன்ற குறியீட்டை ஒன் ஒன் ஒன் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். மேலே கோடு இருந்தால் அந்த இலக்கத்துக்கு முன் ‘பார்’ சேர்க்க வேண்டும். நூற்றுப் பதினொன்று என்று வாசித்தால் அந்தக் குறியீட்டுக்குப் பொருளே இல்லை.

வாய்பாட்டை எழுத்தும் எண்ணுமாகச் சொல்லலாம். கொரண்டம்: ஏ எல் டூ ஓ த்ரீ. பெரில் நீளமானது, பி ஈ த்ரீ, ஏ எல் டூ, எஸ் ஐ சிக்ஸ், ஓ எய்ட்டீன் என்று தனிமத்துக்குத் தனிமம் சிறு இடைவெளி விட வேண்டும். எய்ட்டீன் எய்ட்டி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய நூலில் பெரிலியத்துக்குப் பதில் குளூசினம் என்று இருந்தால் அதையும் மாற்ற வேண்டாம்.

அட்டவணைக்கு வருவோம். இங்கேதான் ஒலிநூல்கள் பெரும்பாலும் தோற்கின்றன. கண்ணுக்கு முன் இருக்கும்போது நெடுவரிசைத் தலைப்பு எப்போதும் தெரிகிறது. காதுக்கு அது ஐந்து விநாடியில் மறந்துபோகும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த ஒலிநூல்தான் நூல். அவர்கள் திரும்பிப் பார்க்க முடியாது.

எங்களுக்குச் சரிப்பட்ட முறை இது. முதலில் அட்டவணைத் தலைப்பு. பிறகு நெடுவரிசைகளின் பெயர்கள், இடமிருந்து வலமாக, ஒரே முறை. முதல் மூன்று வரிசைகளுக்கு ஒவ்வோர் எண்ணுக்கும் முன் நெடுவரிசைப் பெயரைச் சொல்ல வேண்டும். நான்காவதிலிருந்து கல்லின் பெயரும் எண்களும் மட்டும். பக்கம் திரும்பும் இடத்தில் பெயர்களை மறுபடி ஒருமுறை. ஒரு வரிசை இப்படிப் போகும்:

குவார்ட்ஸ். ஹார்ட்னஸ், செவன். ஸ்பெசிஃபிக் கிராவிட்டி, டூ பாயிண்ட் சிக்ஸ் ஃபைவ். ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ், ஒன் பாயிண்ட் ஃபைவ் ஃபோர் ஃபோர் டூ ஒன் பாயிண்ட் ஃபைவ் ஃபைவ் த்ரீ.

கல்லின் பெயருக்குப் பின் முக்கால் விநாடி, வரிசை முடிந்ததும் ஒன்றரை விநாடி இடைவெளி. குரல் வரிசையின் கடைசி எண்ணில் இறங்க வேண்டும். எல்லா எண்ணையும் ஒரே சுருதியில் சொன்னால் வரிசை எங்கே முடிந்தது என்றே தெரியாது. மேலே உள்ள வரிசையிலேயே ஒரு பொறி இருக்கிறது: வரம்பைக் குறிக்கும் ‘டூ’வும் எண் இரண்டின் ‘டூ’வும் ஒலியில் ஒன்று. வரம்புச் சொல்லை மெலிதாகவும் குறுக்கியும், எண்ணை அழுத்தியும் சொல்லுங்கள்.

ஒப்படர்த்தி, அதாவது ஸ்பெசிஃபிக் கிராவிட்டி, பட்டியலில் கூடுதல் கவனம் வேண்டும். வைரம் 3·52, டோபாஸ் 3·53. அடுத்தடுத்த வரிகளில் இவை வந்தால் கண் ஒரு வரி நழுவும். ஒரு தாளை வைத்துக் கீழ் வரிகளை மறைத்துக்கொண்டு வாசியுங்கள். மேல் வரி முடிந்ததும் தாளை இறக்குங்கள். இந்தச் சின்ன உபாயம் எல்லா மென்பொருளையும்விட அதிகப் பிழையைத் தடுக்கும்.

படங்களை நாமாக வருணிக்கக் கூடாது. அது நூலில் சேர்ப்பதாகிவிடும். ‘படம் 24-ஐப் பார்க்க’ என்று இருந்தால் அப்படியே வாசித்துவிட்டுப் போகலாம். படத்தலைப்பை அது தொங்கும் பத்தி முடிந்த பிறகு வாசியுங்கள், வாக்கியத்தின் நடுவில் நுழைக்க வேண்டாம்.

அறையும் மைக்கும்

விலை உயர்ந்த மைக்கைவிடத் துணி நிறைந்த அலமாரி அதிக வேலை செய்யும். வெறுஞ்சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் குரல் எதிரொலிக்கும். பிறகு எந்த விளைவைப் போட்டாலும் அதை நீக்க முடியாது. திறந்த துணி அலமாரியின் எதிரே உட்கார்ந்து, பின்னால் கனமான போர்வையைத் தொங்கவிட்டு, மேசை மேல் ஒரு ஜமுக்காளத்தை மடித்துப் போட்டால் பெரும்பாலும் போதும்.

மின்விசிறி, ஏசி, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜை நிறுத்தினால் திரும்பப் போட மறக்காமலிருக்க வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது நல்ல பழக்கம். நம் ஊர்களில் விடிவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் மிக அமைதியானது. காகம் கரையத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். மழை நாட்களில் பதிவு செய்ய வேண்டாம்.

யுஎஸ்பி மைக் போதும். வாயிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர். வாய்க்கு நேராக வைக்காமல் 30 முதல் 45 டிகிரி ஒதுக்கி வைத்தால் ப, ட ஒலிகளில் வரும் காற்று மைக்கில் மோதாது. பெரிடாட், பைரோப், டோபாஸ், ஸ்பினல் என்று இந்த நூலே பகரத்தால் நிறைந்தது, ஆகவே மைக்குக்கு முன் வைக்கும் காற்றுத் தடுப்பான பாப் ஃபில்டர் அவசியம். கைபேசியில் பதிவு செய்தால், சத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும் வசதியை அணைக்க முடிகிற செயலியைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் எண்களுக்கு முன் நீங்கள் விடும் ஒவ்வோர் இடைவெளியிலும் பின்னணி இரைச்சல் அலை போல எழுந்து வரும்.

அடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் மோனோ, 44100 ஹெர்ட்ஸ் என்று முதலிலேயே அமைத்துவிடுங்கள். சாதாரணமாகப் பேசும்போது உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தொடக் கூடாது. மைனஸ் 12 அருகே ஆடினால் நல்லது. பதிவு பொத்தானை அழுத்தியதும் 5 விநாடி அசையாமல், மூச்சுச் சத்தமும் இல்லாமல் இருங்கள். இரைச்சல் நீக்கத்துக்கு அந்த 5 விநாடி மாதிரியாகப் பயன்படும். வெட்டிய இடங்களில் ஒட்டவும் அதுவே உதவும்.

தவறினால் நிறுத்த வேண்டாம். விரலால் ஒரு சொடக்குப் போட்டுவிட்டு, வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி வாசியுங்கள். சொடக்கு அலைவடிவத்தில் கூரிய முள்ளாகத் தெரியும், திருத்தும்போது தேட வேண்டியதில்லை. எண்ணில் தவறினால் அந்த எண்ணை மட்டும் திரும்பச் சொல்லி ஒட்டப் பார்க்காதீர்கள். சுருதி சேராது. குறைந்தது அந்த வரிசை முழுவதையும் திரும்ப வாசியுங்கள்.

திருத்தி, கோப்பாக்குதல்

புதியவருக்கு ஒரு மணி நேர ஒலிக்கு மூன்று, நான்கு மணி நேர வேலை பிடிக்கும். அதில் பெரும்பகுதி திருத்துவதற்கு. வரிசை முக்கியம்: முதலில் இரைச்சல் நீக்கம், பிறகு வெட்டுதல், கடைசியில் சத்த அளவு.

இரைச்சல் நீக்கத்தில் 6 முதல் 12 டெசிபெல்லுக்கு மேல் போகாதீர்கள். அதிகமாக நீக்கினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல மாறும், ஸ, ஃப ஒலிகள் தேயும். ஃபைவும் நைனும் குழம்பும் நூலில் அது பெரிய நஷ்டம். ஒருமுறை செய்தும் இரைச்சல் போகவில்லை என்றால் தவறு அறையில் இருக்கிறது.

கோப்பின் தொடக்கத்தில் அரை முதல் 1 விநாடி மௌனம். அதன் பின் லிப்ரிவாக்ஸ் கேட்கும் அறிவிப்பு: பகுதி எண், நூற்பெயர், இது லிப்ரிவாக்ஸ் பதிவு, இதற்கு யாரும் உரிமை கொண்டாடுவதில்லை என்பது. அந்த வாசகத்தைத் திட்டப் பக்கத்தில் உள்ளபடி ஒரு சொல்கூட மாற்றாமல் சொல்ல வேண்டும். முதல் பகுதிக்கு நீண்ட வடிவம், மற்றவற்றுக்குக் குறுகிய வடிவம் போதும். உங்கள் பெயரைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். இறுதியில் ‘பகுதி முடிந்தது’ என்ற அறிவிப்பு, அதன் பின் 5 விநாடி மௌனம். இந்த 5 விநாடியைச் செயற்கை மௌனமாகப் போடாமல் அறையின் ஒலியையே ஒட்டினால் கேட்க இயல்பாக இருக்கும்.

எம்பி3 கோப்பு மோனோ, 44.1 கிலோஹெர்ட்ஸ், மாறாத வீதத்தில் 128 கேபிபிஎஸ். அரைமணி நேரப் பகுதி சுமார் 29 எம்பி வரும். அதிலிருந்து வெகுவாக விலகினால் ஏதோ அமைப்பு தவறிவிட்டது. ஸ்டீரியோவாகவோ மாறும் வீதமாகவோ போய்விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சத்த அளவு 89 டெசிபெல், 86 முதல் 92 வரை ஏற்கப்படும். இது அடாசிட்டியின் மீட்டரில் தெரியும் மைனஸ் எண் அல்ல. செக்கர் என்ற சிறு மென்பொருளில் எம்பி3 கோப்பைப் போட்டால் இந்த எண் வரும். 84.2 என்று காட்டினால், அடாசிட்டிக்குத் திரும்பி 4.8 டெசிபெல் ஏற்றி மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். ஏற்றும்போது உச்சம் இடிக்கிறது என்றால் லிமிட்டரால் அந்த உச்சங்களை மட்டும் மைனஸ் 3-இல் தட்டிவிட்டு ஏற்றலாம்.

திருத்தங்களை எம்பி3 கோப்பில் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை திறந்து சேமிக்கும்போதும் தரம் குறையும். அடாசிட்டித் திட்டக் கோப்பும் டபிள்யூஏவி நகலும் பத்திரமாக இருக்கட்டும். 16 பிட் மோனோவில் நிமிடத்துக்கு 5.3 எம்பிதான். கோப்பின் பெயர் திட்டப் பக்கத்தில் உள்ள மாதிரியில், சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல், பகுதி எண் இரண்டு இலக்கமாக இருக்க வேண்டும். ஒன்றாம் பகுதியை 01 என்று எழுதாவிட்டால் பத்தாம் பகுதி இரண்டாம் பகுதிக்கு முன்னால் வந்து, கோப்புகள் வரிசை மாறி நிற்கக்கூடும்.

பிழை கேட்டல்

ஒவ்வொரு பகுதியையும் வாசித்தவரைத் தவிர இன்னொருவர் முழுதும் கேட்க வேண்டும். சாதாரண நூல்களில் திரும்ப வந்த வாக்கியம், நீண்ட மௌனம், தடுமாற்றம் ஆகியவற்றைப் பிடித்தால் போதும் என்பார்கள். ரத்தினக்கல் நூலுக்கு எண்களையும் பெயர்களையும் மட்டுமாவது சொல்லுக்குச் சொல் ஒப்பிட வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் முதலிலேயே அறிவித்துவிடுவது நல்லது. கேட்பவர் கையில் இருப்பது தானியங்கி எழுத்துப் பிரதியாக இல்லாமல் பக்கப் படமாக இருக்கட்டும். வாசித்தவரும் கேட்பவரும் ஒரே தவறான பிரதியைப் பார்த்தால் பிழை இருவரையும் தாண்டிப் போய்விடும்.

குறிப்பு எழுதும்போது நேரம், நூலில் இருப்பது, காதில் விழுந்தது மூன்றும் வேண்டும். ‘12:43, பக்க வரி 8: நூலில் 1·544, வாசிப்பில் 1·554’ என்று எழுதினால் திருத்துபவருக்கு இரண்டு நிமிட வேலை. ‘குவார்ட்ஸ் எண் தப்பு’ என்று எழுதினால் அரைமணி நேரம் தேட வேண்டும். உச்சரிப்புச் சாயலையும் வாசிக்கும் பாணியையும் குறை சொல்வது பிழை கேட்பவரின் வேலையல்ல.

திருத்தப் பதிவுக்கு அதே அறை, அதே மைக், அதே தூரம், முடிந்தால் நாளின் அதே நேரம். காலையில் வாசித்த பகுதிக்கு இரவில் திருத்தம் செய்தால் குரல் கனத்திருக்கும், ஒட்டு தெரியும். பழைய பதிவின் முந்தைய இரு வாக்கியங்களை ஹெட்போனில் கேட்டு, அதே ஓட்டத்தில் மூன்று வாக்கியம் வாசித்து, நடுவில் உள்ளதை மட்டும் எடுத்து ஒட்டுங்கள். பிறகு மௌனம், சத்த அளவு, கோப்புப் பெயர் மூன்றையும் செக்கரில் மறுபடி பார்த்துவிட்டு அதே பெயரிலேயே பதிவேற்றுங்கள். நூல் முழுதும் பட்டியலில் ஏறும்வரை திட்டக் கோப்புகளை அழிக்க வேண்டாம். கடைசிப் பகுதி வரும்போது முதல் பகுதியில் ஒரு பெயரை மாற்றச் சொல்லிக் கேட்பது வழக்கமாக நடப்பதுதான்.